மீண்டும் யுனோவாவுக்கு: போக்கிமான் பிளாக் 2, ஒயிட் 2 குறித்து வாசகர் கேள்வி பதில்

பழைய கையடக்க வீடியோ விளையாட்டுகள் குறித்த ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போக்கிமான் என்ற கற்பனைப் பிராணிகளைப் பிடித்து வளர்த்து மோதவிடும் விளையாட்டு வரிசையில் ஒன்றாக வெளிவந்த பிளாக் 2, ஒயிட் 2 என்னும் இரட்டை விளையாட்டைப் பற்றியே இருந்தன. விடுமுறைக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்துபோகும் உறவுப் பிள்ளைகள் தங்கள் டிஎஸ் என்ற நின்டெண்டோ கையடக்கக் கருவிகளையும் கேசட்டுகளையும் இங்கேயே விட்டுச் செல்வது இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதும் அந்த இரட்டைக்கே ஒதுக்கப்படுகிறது.

கேள்வி: என் மகன் 'போக்கிமான் பிளாக்' விளையாட்டை முடித்துவிட்டு, இப்போது 'பிளாக் 2' வேண்டும் என்று நச்சரிக்கிறான். பெயரைப் பார்த்தால் பழையதையே சற்றுத் திருத்தி மறுபடியும் விற்பதாகத் தோன்றுகிறது. வாங்கிக் கொடுக்கலாமா? – ஒரு தாய், காரைக்குடி

பதில்: உங்கள் ஐயம் நியாயமானதே. 1996-இல் ஜப்பானில் கேம் பாய் கருவிக்காக ரெட், கிரீன் என்ற இரட்டையாகத் தொடங்கிய இந்த வரிசையில், ஒவ்வோர் இரட்டைக்குப் பின்னும் அதே கதையைச் சில சேர்க்கைகளோடு மூன்றாவதாக ஒரு கேசட்டில் போட்டு விற்பது வழக்கமாகவே இருந்துவந்தது. கோல்டு, சில்வருக்குப் பின் கிரிஸ்டல் வந்தது. ரூபி, சஃபையருக்குப் பின் எமரால்டு வந்தது. டைமண்ட், பேர்லுக்குப் பின் பிளாட்டினம் வந்தது. ஆகவே 2010 செப்டம்பரில் பிளாக், ஒயிட் இரண்டும் ஜப்பானில் வெளியானபோது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் அடுத்து 'கிரே' என்று ஒன்று வந்தே தீரும் என ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். ஆனால் 2012 ஜூனில் ஜப்பானிலும், அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெளிவந்தவை, தலைப்பிலேயே 2 என்ற எண்ணைத் தாங்கிய நேரடித் தொடர்ச்சிகளாக இருந்தன. முதல் இரட்டையை இயக்கியவர் ஜூனிச்சி மசூதா; இரண்டாவதன் இயக்குநர் தக்காவோ உன்னோ.

கதை நடப்பது அதே யுனோவா என்ற கற்பனை நிலத்தில். ஆனால் முதல் கதை முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. முன்பு கோல்டு, சில்வரும் ரெட், கிரீன் கதைக்கு மூன்று ஆண்டுகள் பின்னால் நடப்பவைதாம் என்றாலும், அவை தம் பயணத்தின் பெரும்பகுதியை ஜோட்டோ என்ற புது நிலத்தில் வைத்துக்கொண்டன. பிளாக் 2 அப்படி விலகிப் போகவில்லை. நடந்த தெருவிலேயே மறுபடி நடக்கச் சொல்கிறது. பல ஆண்டு வெளியூரில் இருந்துவிட்டுப் பூர்வீக வீட்டுக்கு வருபவர், முகப்பும் வளவும் வைத்த இடத்திலேயே இருக்க, இரண்டாங்கட்டில் மட்டும் புதிய சுவர் எழும்பியிருப்பதையும், சின்னப் பிள்ளையாய் விட்டுப்போனவன் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பதையும் காணும்போது அடையும் உணர்வை இந்த விளையாட்டு தருகிறது. உங்கள் மகன் முதல் விளையாட்டில் போட்டியாளனாகச் சந்தித்த செரன், இங்கே முதல் ஜிம்மின், அதாவது பயணத்தில் வென்று கடக்க வேண்டிய பயிற்சிக்கூடத்தின், தலைவராக நின்று புதிய பிள்ளைகளைச் சோதிக்கிறான். எதையும் தட்டுத்தடுமாறிச் செய்துகொண்டிருந்த பியாங்கா, பேராசிரியர் ஜூனிப்பரின் உதவியாளராகி, நாயகனுக்கு முதல் போக்கிமானைக் கொண்டுவந்து தருகிறாள். பனி ஜிம்மின் தலைவராக இருந்த பிரைசன் ஜிம்மை விட்டுவிட்டு, போக்கிஸ்டார் ஸ்டூடியோவில் மீண்டும் திரைப்பட நடிகராகிவிட்டார். சாம்பியன் இருக்கையில் ஆல்டருக்குப் பதிலாக ஐரிஸ் அமர்ந்திருக்கிறாள்.

புறப்படும் ஊரும் மாறிவிட்டது. முதல் விளையாட்டு தென்கிழக்கிலுள்ள நுவேமாவில் தொடங்கியது. இதுவோ அதில் இல்லாதிருந்த தென்மேற்கு மூலையின் ஆஸ்பெர்ஷியாவில் தொடங்குகிறது. ஆகவே பழகிய ஊர்கள்கூட வேறு வரிசையில், வேறு வாசல் வழியாக வந்து சேர்கின்றன. இன்னொரு முக்கியமான மாற்றமும் உண்டு. பிளாக்கில் கதை முடியும்வரை 156 புதிய போக்கிமான்களைத் தவிர வேறெதையும் பிடிக்க முடியாது. பிளாக் 2-இன் யுனோவா அட்டவணை, அதாவது அந்நிலத்துப் போக்கிமான்களின் பட்டியல், பழையனவும் புதியனவுமாக 300-ஐ எட்டுகிறது. பயணத்தின் தொடக்கத்திலேயே வரும் ஃப்ளொசெசி பண்ணையில் ரியோலு, மரீப், சைடக் ஆகியவை புல்லிலிருந்து எழுந்துவருவதைப் பார்த்ததுமே இது வேறு விளையாட்டு என்பதை உங்கள் மகன் புரிந்துகொள்வான்.

பிளாக் விளையாட்டை அவன் முடித்திருப்பதில் ஒரு தனி ஆதாயமும் உண்டு. 'மெமரி லிங்க்' என்ற வசதியால் பழைய கேசட்டின் சேமிப்பைப் புதியதோடு இணைத்துக்கொண்டால், இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும் காட்சிகள் ஆங்காங்கே திறக்கும்; முதல் கதையின் 'என்' (N) என்னும் இளைஞன் வைத்திருந்த போக்கிமான்களையும் தேடிப் பிடிக்கலாம். இணைப்புக்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்றைப் பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கினாலும் போதும்.

வாங்கிக் கொடுங்கள். கதையின் ஆழத்தில் முதல் விளையாட்டே மேல் என்பது என் கருத்து. ஆனால் உலகத்தின் செழுமையில் இரண்டாவதை மிஞ்ச அந்த டிஎஸ் காலத்தில் வேறொன்று இல்லை. முதல் இரட்டை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்க, இது ஏறத்தாழ அதில் பாதியளவே விற்றது. அதற்குள் 3டிஎஸ் கருவி சந்தைக்கு வந்துவிட்டதும், பலர் உங்களைப் போலவே பெயரைப் பார்த்து ஐயுற்றதுமே காரணங்களாக இருந்திருக்க வேண்டும்.

கேள்வி: பிளாக் 2, ஒயிட் 2 – இரண்டில் எதை வாங்குவது? – பள்ளி மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பி, கதை இரண்டிலும் ஒன்றே, வேறுபாடுகள் ஓரங்களில் இருக்கின்றன. பிளாக் 2-இல் கியூரம் என்ற பனி டிராகன், செக்ரோம் என்ற கறுப்பு டிராகனோடு இணைந்து கறுப்புக் கியூரம் ஆகிறது. ஒயிட் 2-இல் ரெஷிராம் என்ற வெள்ளை டிராகனோடு இணைந்து வெள்ளைக் கியூரம் ஆகிறது. சில போக்கிமான்கள் ஒன்றில் மட்டுமே கிடைக்கும். கதை முடிந்தபின் பிளாக் 2-இல் கறுப்பு நகரத்துக் கோபுரமும், ஒயிட் 2-இல் வெள்ளை வனத்து மரப்பொந்தும் சவால் களங்களாக வருகின்றன.

எனக்குப் பிடித்த வேறுபாடு நான்காம் சாலையில் இருக்கிறது. முதல் விளையாட்டில் அங்கே மணல் வெளியில் சாலை வேலை நடந்துகொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிளாக் 2-இல் அங்கே புதுக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. ஒயிட் 2-இலோ தோண்டிய இடத்தில் பழங்காலக் கட்டடங்களின் எச்சம் தென்பட்டு, கட்டுமானம் நின்றுபோயிருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் அகழாய்வு தொடங்குவதற்கு முன்பே வந்த விளையாட்டு இது என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்து பார்.

உனக்கு அண்ணனோ, தம்பியோ, அடுத்த தெருவில் நண்பனோ இருந்தால், இரண்டு பேரும் ஒரே கேசட்டை வாங்காமல் ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள். இந்த வரிசையை உருவாக்கிய சத்தோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்ததே இந்த விளையாட்டுக்கு வித்து. கொடுத்து வாங்குவதற்காகவே இது இரட்டையாகப் பிறந்தது. யுனோவாவில் கராபிளாஸ்ட் என்றொரு வண்டும், ஷெல்மெட் என்றொரு ஓட்டுப்புழுவும் உண்டு. எவ்வளவுதான் சண்டையிட வைத்தாலும், லெவல் எவ்வளவு ஏறினாலும் இவை வளராது. இருவர் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்றாகப் பரிமாறிக்கொண்டால் மட்டும், வண்டு புழுவின் ஓட்டை எடுத்துக் கவசமாக அணிந்து எஸ்கவாலியர் என்ற வீரனாகும். ஓட்டை இழந்த புழு எடை குறைந்து ஆக்செல்கோர் என்ற விரைவோட்டக்காரனாகும். வேறொன்றைக் கொடுத்து வாங்கினால் நடக்காது. தனியாக விளையாடுபவருக்கு இந்த இரண்டும் வெறும் அட்டவணைப் படங்களாகவே நின்றுவிடும்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் பட்டாலையில் உட்கார்ந்து பகல் முழுவதும் இந்த விளையாட்டில் மூழ்கியிருக்கிறார்கள். காட்டில் திரியும் பிராணியைப் பந்துக்குள் அடைத்து, மற்றொன்றோடு மோதவிடுகிறார்கள். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கும் ஜல்லிக்கட்டுக்கும் எவ்வளவு வாதங்கள், வழக்குகள் வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். இதை மட்டும் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எப்படிச் சொல்கிறார்கள்? – ஒரு தாத்தா, கோட்டையூர்

பதில்: ஐயா, நீங்கள் எழுப்பும் கேள்வியை இந்த விளையாட்டே எழுப்புகிறது என்று சொன்னால் வியப்பீர்கள். 1996 முதல் இந்த வரிசையை வாங்கி விளையாடியவர்களின் மனத்தில் எங்கோ உறுத்திக்கொண்டிருந்த கேள்வியை, பிளாக், ஒயிட் கதையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போக்கிமான்களின் குரலைக் கேட்கத் தெரிந்த 'என்' (N) என்னும் இளைஞன், மனிதர்கள் அவற்றைப் பிடித்து அடைப்பது பிழை, எல்லாவற்றையும் விடுவிக்க வேண்டும் என்று வாதிடுகிறான். அவனை அரசனாக ஏற்றுக்கொண்ட டீம் பிளாஸ்மா என்ற கூட்டம் ஊர்ச் சதுக்கங்களில் இதையே மேடையிட்டுப் பேசுகிறது. கேட்பவர்களில் சிலர் குழம்பிப் போகிறார்கள். தனக்குக் கிடைத்த போக்கிமான்கள் மகிழ்ச்சியோடு இருக்கின்றனவா என்று நாயகனும் தன்னையே கேட்டுக்கொள்ள நேர்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்தை ஆட்டுவிக்கும் கெட்சிஸ், மற்ற எல்லோரும் போக்கிமான்களைக் கைவிட்டபின் தான் மட்டும் அவற்றை வைத்துக்கொண்டு நாட்டை ஆளத் திட்டமிட்டவன் என்று முடிவில் தெரியவருகிறது. அந்த இளைஞன் 'என்'-ஐத் தனிமையில், மனிதர்களால் துன்புற்ற போக்கிமான்களோடு மட்டுமே வளர்த்ததும் அவனே. இந்த இடத்தில் விளையாட்டு தட்டிக்கழித்துவிட்டது என்பது என் கருத்து. கேள்வியைக் கேட்டவனுக்குப் பின்னால் ஒரு வஞ்சகனை நிறுத்திவிட்டால், கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு நீங்கிவிடுகிறது. ஜல்லிக்கட்டு விவாதத்தில் இரு தரப்பும் எதிரியின் நோக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிளாக் 2, ஒயிட் 2 இந்தக் கடனைக் கொஞ்சம் அடைக்கின்றன. டீம் பிளாஸ்மா இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஒரு பிரிவு கெட்சிசின் பின்னால் நின்று, கியூரமின் ஆற்றலைக் கொண்டு ஓபலூசிட் நகரத்தையே பனியில் உறையவைக்கிறது. மற்றொரு பிரிவு டிரிஃப்ட்வெயிலில் ஒரு வீட்டில் தங்கி, முன்பு தாங்கள் பறித்துவந்த போக்கிமான்களைப் பராமரித்து, உரியவர்களிடம் திருப்பித் தர முயல்கிறது. இளைஞன் 'என்' வளர்த்த சோருவா என்ற போக்கிமான் ஒன்றை அங்கிருக்கும் ரூட் என்ற முதியவர் நாயகனிடம் ஒப்படைக்கிறார். விடுதலை என்ற பெயரால் பறித்தது திருட்டே என்பதை, பறித்தவர்களின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள்.

இதில் ஹ்யூ என்ற சிறுவன் வருகிறான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவனுடைய தங்கையின் பர்லாயின் என்ற பூனை போன்ற போக்கிமானை டீம் பிளாஸ்மா பறித்துக்கொண்டது. அந்தக் கோபம் ஒன்றையே மூலதனமாக வைத்து அவன் ஊர் ஊராகத் தேடி அலைகிறான். திருந்திய பிளாஸ்மாக்காரர்களைக் கண்டால்கூட அவனுக்கு ஆற்றாமை பொங்குகிறது. கதையின் கடைசிப் பகுதியில் அது கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பர்லாயினாகப் போனது லைபார்ட் என்ற பெரிய உருவமாக வளர்ந்து நிற்கிறது. தங்கையோடு கழிந்திருக்க வேண்டிய அந்த ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது என்பதை விளையாட்டு நீட்டி முழக்காமல் அந்த ஓர் உருவ மாற்றத்தில் காட்டிவிடுகிறது.

கோல்ரெஸ் என்ற விஞ்ஞானியையும் குறிப்பிட வேண்டும். போக்கிமானின் முழு ஆற்றலை வெளிக்கொணர்வது இயந்திரமா, கொடுமையா, அன்பா என்று சோதித்துப் பார்ப்பதே அவன் தொழில். நன்மை தீமை அவனுக்கு ஒரு பொருட்டில்லை. நாயகனோடு மோதித் தோற்றபின், நம்பிக்கையின் வழியாகவே அந்த ஆற்றல் வெளிப்படுகிறது என்று ஒப்புக்கொள்கிறான். இதுவும் வசதியான பதில்தான் என்று நீங்கள் சொல்லக்கூடும், மறுக்க மாட்டேன்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். இதில் இரத்தம் இல்லை, சாவு இல்லை. தோற்ற போக்கிமான் மயங்கிவிடும், அடுத்த ஊரின் போக்கிமான் நிலையத்தில் காசில்லாமல் குணமாகும். சிறுவர்கள் விளையாடலாம். ஆனால் பேரப்பிள்ளைகள் அந்தக் கேள்விகளை ஒரு பொத்தான் அழுத்தித் தாண்டிப் போய்விடாமல் இருக்க வேண்டும் என்றால், ஹ்யூவின் கோபம் நியாயமா என்று ஒருநாள் அவர்களிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள். பட்டாலையில் நல்ல சண்டை மூளும்.

கேள்வி: பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் ஒயிட் 2 கேசட் ஒன்றை வாங்கினேன். போட்டுப் பார்த்தால் முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளை பல நூறு மணி நேரம் விளையாடிச் சேர்த்தது அப்படியே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் செல்லப்பெயர் வைத்திருக்கிறது. புதிதாகத் தொடங்க வேண்டுமானால் எல்லாம் அழியும் என்கிறார்கள். மனம் வரவில்லை. – கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

பதில்: முதலில் கேசட் உண்மையானதா என்று பாருங்கள். பிளாக், ஒயிட், அவற்றின் தொடர்ச்சிகள் ஆகியவற்றின் உண்மையான கேசட்டுகளுக்குள் அகச்சிவப்புக் கதிர்க் கருவி பொருத்தப்பட்டிருப்பதால், அவற்றின் உறை மற்ற டிஎஸ் கேசட்டுகளைப் போலச் சாம்பல் நிறத்தில் இராது. கறுப்பாக இருந்து, வலுவான விளக்கின் எதிரே பிடித்தால் ஒளியைச் செந்நிறமாகக் கசியவிடும். ஒளிபுகாத சாம்பல் நிறமாக இருந்தால் அது போலி. போலியில் இருக்கும் சேமிப்பு எந்நேரமும் தானாகவே அழியக்கூடும், நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

உண்மையானது என்றால், ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் அதில் இடம் உண்டு என்பது சரியே. தலைப்புத் திரையில் மேல் அம்புக்குறி, செலக்ட், பி ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் எல்லாவற்றையும் அழிக்கும் கேள்வி வரும்; அதற்கு முன் நண்பர் ஒருவரின் ஐந்தாம் தலைமுறைக் கேசட்டுக்கு (பிளாக், ஒயிட், பிளாக் 2, ஒயிட் 2 ஆகியவற்றில் ஒன்றுக்கு), இரண்டு கருவிகளைக் கொண்டு, விருப்பமானவற்றைப் பரிமாற்றிப் பத்திரப்படுத்தலாம். பின்னர் உங்கள் புதிய ஆட்டத்தில் பரிமாற்றம் செய்யும் வசதி திறந்ததும் அவற்றைத் திரும்பப் பெறலாம். 3டிஎஸ் கருவியில், போக்கிமான்களை இணையத்தில் சேமிக்கும் 'போக்கிமான் பேங்க்' செயலியும், பழைய கேசட்டிலிருந்து அவற்றை அங்கே மாற்றும் டிரான்ஸ்போர்ட்டரும் முன்பே இறக்கி வைத்திருப்பவர் யாரேனும் தெரிந்தால், அவர் வழியாகவும் அனுப்பிவைக்கலாம். 2023 மார்ச்சில் அக்கருவியின் இணையக் கடை மூடப்பட்டதால் புதிதாக இறக்கிக்கொள்ள வழியில்லை.

இப்படிக் காப்பாற்றப்படும் ஒவ்வொரு போக்கிமானிலும் முதலில் பிடித்தவரின் பெயரும் அடையாள எண்ணும் என்றென்றும் ஒட்டியிருக்கும். அந்தப் பிள்ளை வைத்த செல்லப்பெயரை அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாராலும் மாற்ற முடியாது. ஊரில் பெயர் மாற்றித் தருபவரிடம் கொண்டுபோனால், இது நல்ல பெயர் என்று சொல்லி மறுத்துவிடுவார். உயர்ந்த லெவல் கொண்டவை, நீங்கள் ஜிம் தலைவர்களைத் தோற்கடித்துப் போதிய பேட்ஜ்களை வெல்லும்வரை உங்கள் சொல்லைக் கேட்காமல் சும்மா திரியும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சேர்த்து வைத்த அனைத்தையும் மாற்ற நாள் பிடிக்கும். செல்லப்பெயர் உள்ளவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்பேன். பெயர் வைக்காதவற்றின் மேல் அந்தப் பிள்ளைக்கே பெரிய பற்று இருந்திருக்காது.

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் அம்மான் அங்கே வாங்கிய டிஎஸ்ஐ கருவியையும் ஜப்பானிய மொழிப் பிளாக் 2 கேசட்டையும் எனக்குக் கொடுத்தார். என்னிடம் உள்ள ஆங்கில ஒயிட் 2 அதில் ஓடவில்லை. கருவி பழுதா? ஜப்பானியக் கேசட்டால் எனக்கு ஏதேனும் பயன் உண்டா? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கருவி பழுதில்லை. பிளாக், ஒயிட், பிளாக் 2, ஒயிட் 2 ஆகிய நான்கு கேசட்டுகளும், டிஎஸ் கருவியின் பிந்தைய வடிவமான டிஎஸ்ஐயின் வசதிகளைப் பயன்படுத்தும்படி செய்யப்பட்டவை. அதனால் டிஎஸ்ஐ, 3டிஎஸ் கருவிகளில் அவற்றுக்கு நாட்டுப் பூட்டு உண்டு. பழைய டிஎஸ், டிஎஸ் லைட் கருவிகளில் அந்தப் பூட்டு இல்லை. உங்கள் ஆங்கிலக் கேசட்டை அவற்றில் ஒன்றில் போடுங்கள், ஓடும்.

ஜப்பானியக் கேசட்டோ உங்களுக்குக் கிடைத்த புதையல். இரண்டு மொழிக் கேசட்டுகளுக்கிடையே பரிமாற்றம் தடையின்றி நடக்கும்; வேற்றுமொழியிலிருந்து வந்த போக்கிமான் சண்டையில் மற்றவற்றைவிட விரைவாக அனுபவப் புள்ளி சேர்க்கும். அதைவிட முக்கியம், நிறம் மாறிப் பளபளக்கும் 'ஷைனி' போக்கிமான்கள். சாதாரணமாக ஒன்று ஷைனியாக அமைய 8,192-இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஆனால் இருவேறு மொழிக் கேசட்டுகளில் தோன்றிய தாயையும் தந்தையையும் டே கேர் நிலையத்தில் ஒன்றாக விட்டு முட்டை பெற்றால், இத்தலைமுறையில் அந்த வாய்ப்பு 8,192-இல் ஆறாக உயர்கிறது. இதை வெளிப்படுத்திய ஜூனிச்சி மசூதாவின் பெயராலேயே இது மசூதா முறை என வழங்குகிறது. எல்லா நிலங்களின் போக்கிமான்களும் அடங்கிய தேசிய அட்டவணையை நிறைவு செய்தவருக்கு ஷைனி சார்ம் என்ற பொருளை முதன்முதலில் தந்த விளையாட்டும் பிளாக் 2, ஒயிட் 2-தான்; அதுவும் கையில் இருந்தால் வாய்ப்பு எட்டாகும், அதாவது 1,024-இல் ஒன்று. கடல் கடந்து உறவினர் உள்ள வீடுகளுக்கு இந்த விதி மிக வசதியானது.

முட்டைக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லை என்றால், யுனோவா அட்டவணையில் உள்ள அனைத்தையும் கண்ணால் கண்டுவிட்டாலே இயற்கைக் காப்பகத்துக்கு அனுமதி கிடைக்கும். அங்கே ஷைனி ஹாக்ஸோரஸ் ஒன்று நிச்சயமாகக் காத்திருக்கிறது.

கேள்வி: எளிய நிலை, கடின நிலை இரண்டும் உண்டு என்று படித்தேன். என் கேசட்டில் காணவில்லையே? – வாசகர், புதுவயல்

பதில்: கதையை முழுதும் முடித்த பிறகே அதற்கான சாவி கிடைக்கும், அதுவும் பிளாக் 2-இல் கடின நிலைச் சாவியும், ஒயிட் 2-இல் எளிய நிலைச் சாவியும் மட்டுமே. மற்றதை நண்பரின் கேசட்டிலிருந்து பெற வேண்டும். விளையாட்டை ஒருமுறை வென்று முடித்தவருக்கு எளிய நிலையைப் பரிசளிப்பது என்ன கணக்கோ, எனக்கு விளங்கவே இல்லை. இந்த விளையாட்டின் நல்ல யோசனைகளில் மிக மோசமாகச் செயல்படுத்தப்பட்டது இதுவே.

கேள்வி: காரைக்குடியில் வெயில் கொளுத்தும் ஏப்ரலில் என் மகளின் விளையாட்டில் பனி கொட்டுகிறது. கருவியின் நாட்காட்டி தவறா? – ஒரு தந்தை, காரைக்குடி

பதில்: நாட்காட்டி சரியாகவே இருக்கிறது. இந்த விளையாட்டில் பருவம் மாதந்தோறும் மாறும்: ஜனவரி வசந்தம், பிப்ரவரி கோடை, மார்ச் இலையுதிர்காலம், ஏப்ரல் பனி, மே மாதத்தில் மீண்டும் வசந்தம் தொடங்கும். டீர்லிங் என்ற மான்குட்டியின் நிறம் இதற்கேற்ப மாறுவதையும், பனிக்காலத்தில் குவியும் பனிமேட்டின் மேலேறி மற்ற மாதங்களில் எட்டாத இடங்களுக்குப் போக முடிவதையும் மகளிடம் சொல்லுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் அந்த இடங்களைப் பார்த்துவிட வேண்டும். தவறினால் ஆகஸ்ட்வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இணைய வசதிகள் எல்லாம் மூடப்பட்டுவிட்டன என்கிறார்கள். இனி இதை வாங்குவதில் பொருள் உண்டா? – வாசகி, குன்றக்குடி

பதில்: 2014 ஜனவரியில் இந்தத் தலைமுறை விளையாட்டுகளோடு இணைந்த குளோபல் லிங்க் இணையதளமும், அதே ஆண்டு மே 20 அன்று டிஎஸ் கருவிகளுக்கான நின்டெண்டோவின் இணையச் சேவையும் நிறுத்தப்பட்டன. ஆகவே அத்தளத்தில் இருந்த ட்ரீம் வேர்ல்டு என்ற பகுதி இப்போது இல்லை. உலகெங்கும் உள்ளவர்களோடு பரிமாற்றமும் சண்டையும் இல்லை. புதிய போட்டிகளை இறக்கிக்கொள்ள வழியும் இல்லை.

எஞ்சியிருப்பவை நிறைய. முந்தைய நான்கு நிலங்களின் ஜிம் தலைவர்களும் சாம்பியன்களும் வந்து மோதும் உலகப் போட்டி அரங்கம் கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது. பழைய விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு இது ஒன்றே விலைக்குத் தகும். ஒரே அறையில் இருப்பவர்கள் கம்பியில்லா இணைப்பில் பரிமாறலாம், மோதலாம். அதுவும் வேண்டாமென்றால், இரண்டு கருவிகளின் கேசட் செருகும் விளிம்புகளை நேருக்கு நேர் அருகில் வைத்து, கேசட்டில் உள்ள அகச்சிவப்புக் கதிர் வழியாகவே பரிமாற்றத்தை முடிக்கலாம். இதற்கு எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டியதில்லை. சேமிப்பும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால், கேம் பாய் காலத்து கோல்டு, சில்வர் கேசட்டுகளில் உள்ளிருக்கும் சிஆர் 2025 பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் போய்விடுவது போல இதில் நேராது. உங்களிடம் அந்தப் பழைய கேசட்டுகளும் இருந்தால், கைக்கடிகாரத்துக்கு மாற்றுவது போல அந்த பேட்டரியைக் கழற்றி மாட்ட முடியாது, பற்றவைத்திருப்பார்கள். கைபேசி பழுதுபார்க்கும் கடையில் பற்றவைப்புக் கம்பி வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.